இழுப்பு வந்தால் பயப்படாதே! (ஆஸ்துமா – ஒரு பாடம்)



வீசிங், இழுப்பு, இளைப்பு என்று நம்ம ஊரில் ஆளுக்கொரு பேர் சொல்லும் நோய்தான் ஆஸ்துமா. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் உலகத்தில் சுமார் 26 கோடியே 20 லட்சம் பேருக்கு இது இருந்தது. அந்த ஒரே வருடத்தில் சுமார் 4 லட்சத்து 55 ஆயிரம் பேர் இதனால் இறந்தார்கள். நம் பள்ளியிலும் பலருக்கு இருக்கிறது. இதை எழுதுகிற எனக்கும் உண்டு. இது தொற்று நோய் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது!

உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு சோதனை செய்யுங்க (வீசிங் உள்ளவங்க வேண்டாம்). நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடுங்க. பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ரா வழியாக மட்டும் மூச்சு விடுங்க. கொஞ்ச நேரத்திலேயே திணறுதா? இழுப்பு வரும்போது கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். அப்போது மூச்சுக்குழாயில் மூன்று மாற்றம் நடக்கும்.

1. சுற்றியுள்ள தசை இறுகும்.
2. உள் சவ்வு வீங்கும்.
3. சளி அதிகமாகச் சுரக்கும்.

மூன்றும் சேர்ந்து பாதையை ஒடுக்கிவிடும். அந்தச் சின்ன வழியில் காற்று போய் வரும்போதுதான் 'உய்ங் உய்ங்' சத்தம்.

எதனால் கிளம்பும்?

ஆளுக்கு ஆள் மாறும். ஜலதோஷம், ஒட்டடைத் தூசி, கொசுவர்த்திப் புகை, பீடி சிகரெட் புகை, போகிப் புகை, தீபாவளி வெடி, பார்த்தீனியச் செடியின் மகரந்தம், மார்கழிக் குளிர், சிலருக்கு வேகமாக ஓடுவது. தனக்கு எது ஆகாது என்று ஒரு நோட்டில் குறித்து வந்தால் டாக்டருக்கும் உதவியாக இருக்கும்.

இன்ஹேலர் கெட்ட பழக்கமா?

"பம்பு அடிச்சா அப்புறம் விடவே முடியாது" என்பாங்க. தப்பு! கணக்குப் போட்டுப் பாருங்க. சால்பூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம், அதாவது 4000 மைக்ரோகிராம். இன்ஹேலரில் ஒரு அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம்தான். ஒரு மாத்திரையில் 40 அழுத்தல் மருந்து! மாத்திரை உடம்பு முழுக்கச் சுற்றும். இன்ஹேலர் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகும். அதனால் கொஞ்சமே போதும்.

இரண்டு வகை மருந்து உண்டு. இறுகிய தசையை உடனே தளர்த்துவது நிவாரண மருந்து (சால்பூட்டமால்). வீக்கத்தைக் குறைப்பது தடுப்பு மருந்து (புடசோனைடு போன்றவை). நல்லா இருக்கிற நாளிலும் டாக்டர் சொன்னபடி தடுப்பு மருந்தை எடுக்கணும். எடுத்ததும் வாய் கொப்பளிக்கணும். 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு நிவாரண மருந்து மட்டும் போதாது என்று ஆஸ்துமாவுக்கான உலக அமைப்பான ஜினா 2019-இல் அறிவித்தது. நாமாக எதையும் நிறுத்தக் கூடாது.

தெரியுமா?

அமுக்கினால் மருந்து பீய்ச்சும் இன்ஹேலர் 1956-இல் வந்தது. அதற்கு யோசனை கொடுத்தது அமெரிக்காவில் ஒரு மருந்து நிறுவனத் தலைவரின் 13 வயது மகள்! "தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி என் ஆஸ்துமா மருந்தும் ஏன் வரக் கூடாது?" என்று கேட்டாளாம். நம்ம வயசுதான்!

நண்பனுக்கு இழுப்பு வந்தால்

1. நிமிர்ந்து உட்கார வையுங்க. படுக்க வைக்காதீங்க. சுற்றிக் கூட்டம் போடாதீங்க.
2. நிவாரண இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசரில் ஒரு அழுத்து. அதிலிருந்து 4 முறை மூச்சு. இப்படி 4 அழுத்து.
3. 4 நிமிடம் பொறுங்க. சரியாகவில்லை என்றால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, மறுபடி 4 அழுத்து.
4. ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லையா? உதடு, நகம் நீலமாகிறதா? காத்திருக்காமல் உடனே 108.

உய்ங் சத்தம் திடீரென நின்றும் திணறல் நிற்கவில்லை என்றால் அது குணமானதன் அடையாளம் இல்லை. காற்றே போகவில்லை என்று அர்த்தம்!

ஸ்பேசர் இல்லையா? 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி துளை போட்டு, இடைவெளியை அடைத்தால் போதும். கழுத்துப் பக்கம் வாய் வைத்து மூச்சு இழுக்கலாம். கடை ஸ்பேசருக்கு இணையாக இது வேலை செய்வதை தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகர டாக்டர்கள் சோதித்து 1999-இல் வெளியிட்டார்கள்.

விளையாடலாமா?

தாராளமாக! இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃபுக்குச் சிறு வயது முதல் ஆஸ்துமா. 2003 லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அது 2019 வரை நின்றது. எங்களை "நீ ஓரமா உட்காரு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. முதலில் பத்து நிமிடம் மெதுவாக உடம்பைச் சூடேற்ற விடுங்க, பிறகு நாங்களும் ஓடுவோம்.

நம் பள்ளிக்கு மூன்று வேண்டுகோள்

* பெருக்கும்போது தண்ணீர் தெளித்து, ஜன்னலைத் திறந்து வைப்போம்.
* கரும்பலகையை ஈரத் துணியால் துடைப்போம்.
* இன்ஹேலர் பூட்டிய பீரோவில் வேண்டாம். அவரவர் பையிலேயே இருக்கட்டும். எந்த அறையில் எவ்வளவு பெரிய பூட்டு இருந்தாலும் இழுப்பு சாவிக்காகக் காத்திருக்காது!

உலக ஆஸ்துமா தினம் மே மாத முதல் செவ்வாய். அன்று நமக்குக் கோடை விடுமுறை. அதனால் பனிக்காலம் வருமுன் இப்போதே எழுதிவிட்டோம். உங்கள் வகுப்பில் யாரிடம் இன்ஹேலர் இருக்கு, எந்தப் பையில் இருக்கு? இன்றே கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க!

– அறிவியல் மன்றம், 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு