காப்புப் பிரதியும் ஒப்புநோக்கலும்

கணினியின் விசையை அழுத்துகின்றோம். திரை இருண்டே கிடக்கின்றது. பலர் உடனே கடைக்குக் கொண்டோடிப் பணிசெயல் முறைமையைப் புதிதாகப் பதிப்பித்து விடுகின்றனர். கணினி எழும், உள்ளிருந்த கோப்புகள் போய்விடும். கணினி எழாமை வேறு, தரவு அழிதல் வேறு என்பதை மாணவர் முதற்கண் உணர்தல் வேண்டும்.

மின்வழங்கலையும் வடங்களையும் முதலிற் பார்க்க. செருகியுள்ள பென்டிரைவை அகற்றுக. கணினி அதிலிருந்து தொடங்க முயன்று நிற்றலும் உண்டு. பயனில்லையேல், லினக்ஸ் பதித்த பென்டிரைவினாலே தொடக்கியோ, வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியிற் பொருத்தியோ கோப்புகளைப் பெயர்த்தெடுக்கலாம். தட்டு 'டிக், டிக்' என ஒலிக்குமாயின் உடனே நிறுத்துக; முயலுந்தோறும் பழுது பெருகும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றதைக் கொழும்பினர் மறந்திரார். எழுதுகையில் மின் அறுந்தால் தட்டிலுள்ள கோப்பட்டவணை குலைதல் கூடும்.

இனிக் காப்புப் பிரதி. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் முகிற் கணிமைத் தொகுதியைப் பணயம் கோரும் தீநிரல் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. சேவை மீண்டது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மடல்கள் மீளவில்லை. தொகுதியோடு இணைந்திருந்த காப்பும் உடன் பூட்டுண்டது. அதற்கு வெளியே அக்காலத்துப் பிரதி வேறில்லை. அரசுக்கே இந்நிலையெனின், ஒரே மடிக்கணினியில் உறங்கும் நம் சங்கங்களின் உறுப்பினர் இடாப்பைப் பற்றி யாது கூறுவது!

சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது ஓரேட்டை மட்டும் நம்பினாரல்லர். பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினார். கணினிக்கும் அதுவே முறை. பெயர்ப்பட்டியலைக் கண்டு பிரதி உண்டெனத் துணிதல் ஆகாது. எஸ்.எச்.ஏ.-256 என்னுங் கணிப்பு ஒவ்வொரு கோப்பிற்கும் 64 குறிகள் கொண்ட அடையாளந் தரும். மூலத்துக்கும் பிரதிக்கும் அஃது ஒன்றாயின், ஓரெழுத்தும் பிறழவில்லை எனக் கொள்ளலாம். ஆயினும் மூலமே பழுதாயின் பிரதியும் அப்பழுதோடு ஒத்திருக்கும். ஆதலின் வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து வாசித்தலும் வேண்டும்.

தட்டுகள் இரண்டு போதும். ஒன்று வெள்ளவத்தையிலிருப்பின் மற்றது கொட்டாஞ்சேனையில், எக்கணினியோடும் இணையாது, இருக்கட்டும். மாதந்தோறும் இடம் மாற்றுக. மாற்றும் நாளிலே ஐந்து கோப்புகளையேனும் திறந்து பார்க்க.