சிறு எஞ்சின்களில் கார்புரேட்டரின் தேய்ந்த பாகங்களை மாற்றும் முறை

பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு கொம்யூன்களில் இன்று களையெடுக்கவும், வரப்புப் புல் வெட்டவும், மருந்து தெளிக்கவும் சிறு பெட்ரோல் எஞ்சின் பூட்டிய கருவிகள் பயன்படுகின்றன. நடவு நெல்லில் முதல் 30 முதல் 40 நாட்கள் வரை வயல் களையின்றி இருத்தல் வேண்டும். அந்த நாட்களில் எஞ்சின் கிளம்பாமல் நின்று, கூலியாளும் கிடைக்காவிட்டால் களை பயிரை முந்திக் கொள்ளும்.

எஞ்சின் கிளம்பாவிட்டால் பிளக்கை மாற்றிப் பார்ப்பதும், பின்னர் கார்புரேட்டரையே புதிதாக வாங்குவதும் வழக்கமாக உள்ளது. பல சமயங்களில் கெட்டிருப்பது முழுக் கார்புரேட்டர் அன்று. அதனுள் இருக்கும் ஊசி, பேக்கிங், சவ்வு ஆகிய சிறு பாகங்களே. இவற்றை உழவர்கள் தாமே மாற்றிக் கொள்ளலாம்.

இரு வகைகள்

பெட்ரோலையும் காற்றையும் தக்க அளவில் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்புரேட்டரின் வேலை. பம்புசெட்டு, களையெடுக்கும் கருவி போன்ற நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் பெரும்பாலும் மிதவை வகை உள்ளது. கிண்ணத்தில் பெட்ரோல் ஏறும்போது மிதவையும் ஏறி, ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மிதவைக் குழாயும் இவ்வாறே இயங்குகிறது.

தோளில் மாட்டிப் புல் வெட்டும் கருவியை எந்தப் பக்கமும் சாய்க்க வேண்டியிருப்பதால் அதில் மிதவை பயன்படாது. அங்கே மெல்லிய சவ்வுகள் பெட்ரோலை இழுத்து அளந்து கொடுக்கின்றன.

தேய்மானத்தின் அறிகுறிகள்

1. கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டுதல், கரும்புகை, பிளக் நனைந்திருத்தல்: ஊசியின் நுனி தேய்ந்திருக்கலாம், மிதவை ஓட்டையாகியிருக்கலாம்.

2. எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் வாடை வீசுதல், ஆயில் மட்டம் உயர்ந்திருத்தல்: ஊசி வழியை அடைக்கவில்லை. ஊசியை மாற்றி, ஆயிலையும் மாற்றிய பிறகே எஞ்சினை இயக்க வேண்டும்.

3. சோக் போட்டால் மட்டும் ஓடுதல்: ஜெட் அடைத்திருக்கும், அல்லது பேக்கிங் வழியே வெளிக்காற்று புகுந்திருக்கும்.

4. புல் வெட்டும் கருவி கிளம்பி, வேகம் கூட்டியதும் நின்றுவிடுதல்: சவ்வு விறைத்திருக்கலாம். நல்ல சவ்வு துணி போல் வளையும். கெட்டது வளைக்கும்போது மொரமொரக்கும்.

மாற்றும் முறை

எஞ்சின் ஆறிய பிறகு, நெருப்பு அண்டாத காற்றோட்டமான இடத்தில் வேலையைத் தொடங்க வேண்டும். பிளக் வயரைக் கழற்றி, பெட்ரோல் குழாயை அடைக்கவும். வெள்ளைத் துணி விரித்து, கழற்றும் பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே அதன்மேல் வைக்கவும். காற்றுத் திருகைக் கழற்றும் முன், அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்று உள்ளே போயிற்று என எண்ணிக் குறித்துக் கொள்ளவும். திரும்பப் பூட்டும்போது அதே சுற்று வெளியே எடுத்து வைத்தால் போதும்.

மிதவை வகையில் கிண்ணத்தைக் கழற்றி, மிதவையின் முள்ளை உருவினால் ஊசி வெளிவரும். ஊசி நுனியில் வளையம் போன்ற பள்ளம் தெரிந்தால் அதை மாற்றவும். ஊசி அமரும் இருக்கை தனியே கிடைத்தால் அதையும் சேர்த்து மாற்றுதல் நலம். மிதவையைக் காதருகே குலுக்கிப் பார்க்கவும்; உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் அது ஓட்டை. கழற்றிய பழைய பேக்கிங்கை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

சவ்வு வகையில் இரு பக்கமும் சவ்வும் பேக்கிங்கும் இருக்கும். இரு பக்கத்திலும் அவற்றின் வரிசை ஒன்றாக இராது. ஆகவே ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறு பக்கத்தைத் திறக்கவும்.

ஜெட்டைப் பெட்ரோலில் கழுவிக் காற்று ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். இரும்புக் கம்பியால் குத்தக் கூடாது. நானே ஒரு முறை அவசரத்தில் கம்பியால் குத்தி, துளை பெரிதாகி, கரும்புகையோடு புதிய ஜெட்டுக்கும் செலவு வைத்துக் கொண்டேன்.

பூட்டியபின் பெட்ரோல் குழாயைத் திறந்து 10 நிமிடம் கவனிக்கவும். சொட்டு இல்லையெனில் எஞ்சினை இயக்கலாம்.

ஆக்சிலரேட்டர் தண்டு அதன் துளையில் ஆடினால் சிறு பாகம் மாற்றிப் பயனில்லை. அப்போது மட்டுமே முழுக் கார்புரேட்டரை மாற்ற வேண்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025இல் நாடெங்கும் பரவியது. கரும்பு பயிரிடுவோருக்கு இது நல்ல செய்தியே. ஆனால் எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் எத்தனாலும் நீரும் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். இதைத் தாங்கும்படி செய்யப்படாத பழைய ரப்பர் பாகங்கள் ஊதியும் விறைத்தும் கெடும். பருவம் முடிந்ததும் கருவியை அப்படியே கொட்டகையில் நிறுத்திவிடுவோருக்கே இத்தொல்லை அதிகம்.

எனவே வேலை முடிந்ததும் டாங்கைக் காலி செய்து, எஞ்சின் தானே நிற்கும் வரை ஓடவிட்டு, மிதவை வகையாயின் கிண்ணத்தின் அடித் திருகையும் திறந்து வடித்துவிட வேண்டும். ஒரு மாதத் தேவைக்கு மேல் பெட்ரோல் வாங்கி வைத்தல் கூடாது.

பாகம் வாங்கப் புதுவை நகருக்குச் செல்வோர் எஞ்சினின் மாடல் எண்ணைக் குறித்துக் கொண்டு, பழைய பாகத்தையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். பார்வைக்கு ஒன்று போலிருக்கும் ஊசிகள் நீளத்தில் வேறுபடும். நடவுக்கு முன்பே ஓர் ஊசி, ஒரு பேக்கிங், ஒரு சவ்வு ஆகியவற்றில் தம் கருவிக்கு உரியதை வாங்கி வீட்டில் வைத்திருந்தால், களையெடுக்கும் நாளில் எஞ்சின் நின்றாலும் வேலை நிற்காது.