சீனரிடையே நாசித்தொண்டைப் புற்றுநோய்: நோயின் போக்கை முன்னறிவிக்கும் குறிகள்

தென் சீனத்திலுள்ள குவாங்டுங் மாகாணத்து மக்களை மிகுதியாகப் பற்றியதால் ‘குவாங்டுங் கட்டி’ என்றே பெயர் பெற்றுவிட்ட நோய் ஒன்று உண்டு. மூக்கின் பின்புறத்தில், உள்நாக்குக்கும் அண்ணத்துக்கும் மேலே அமைந்திருக்கும் அறைக்கு நாசித்தொண்டை என்று பெயர். அதன் உட்சவ்வில் தோன்றும் புற்றுநோயே அது. 2018ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 1,29,000 பேர் இந்நோய்க்குப் புதிதாக ஆளாயினர் என்று கணக்கிடப்பட்டது. அவர்களில் 70 சதவிகிதத்துக்கும் மேற்பட்டோர் கிழக்கு ஆசியாவையும் தென்கிழக்கு ஆசியாவையும் சேர்ந்தவர்கள். ஐரோப்பிய இனத்தவரிடையே இது மிக அரிய நோய். சிங்கப்பூரில் ஒரே நகரில் அடுத்தடுத்து வாழும் மக்களுள், சீனரிடையே மிகுதியாகவும் இந்தியரிடையே அரிதாகவும் இது காணப்படுகின்றது. பரம்பரை இயல்பு, எப்ஸ்டைன்-பார் வைரஸ், குழந்தைப் பருவம் முதலே உண்ணப்படும் சீன முறை உப்புக்கருவாடு ஆகிய மூன்றும் இதன் காரணங்களாக அறியப்பட்டுள்ளன. ஆண்களைப் பெண்களைக் காட்டிலும் இரண்டு முதல் மூன்று மடங்கு மிகுதியாக இந்நோய் தாக்குகின்றது.

நோய் ஏன் வருகின்றது என்பது ஒரு கேள்வி. வந்தபின் நோயாளியின் நிலை என்னவாகும் என்பது வேறொரு கேள்வி. முன்னதைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்குப் பின்னதைப் பற்றிப் பொதுவான ஏடுகளில் எழுதப்படுவதில்லை. ஆயினும் நோயாளியும் அவருடைய குடும்பத்தாரும் அறிய விரும்புவது பின்னதையே. இதற்குரிய விடை, பல்லாயிரம் சீன நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததன் பயனாகக் கிடைத்தது.

முதலில் நோயின் அறிகுறிகளைக் காண்போம். நாசித்தொண்டையின் பக்கச் சுவரில் ரோஸன்மியூலர் குழி என்னும் ஒரு பள்ளம் உண்டு. பெரும்பாலான கட்டிகள் இப்பள்ளத்தில்தான் தோன்றுகின்றன. வாயைத் திறந்து பார்த்தாலும் மூக்கின் வழியே நோக்கினாலும் இவ்விடம் எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. கட்டி நெடுநாள் வலியின்றி வளரும். அதனருகே நடுச்செவிக்குச் செல்லும் குழாயின் வாய் அமைந்திருப்பதால், அது அடைபட்டு ஒரு பக்கத்துக் காது மந்தமாகும். நடுச்செவியில் நீர் கோக்கும். காலையில் காறியுமிழும் சளியில் இரத்தக் கீற்று தென்படலாம். கட்டி மேல்நோக்கிச் சென்று கபாலத்தின் அடித்தளத்தை அரித்தால் மூளை நரம்புகள் பாதிக்கப்படும். கண்ணை வெளிப்புறமாகத் திருப்பும் ஆறாம் நரம்பு செயலிழந்தால் ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். ஐந்தாம் நரம்பு பாதிக்கப்பட்டால் முகத்தில் மரமரப்பு உண்டாகும்.

ஹாங்காங்கில் 4,768 நோயாளிகளின் குறிப்பேடுகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று இவ்வறிகுறிகளின் அளவைத் தெரிவிக்கின்றது. நோயாளிகளில் 76 சதவிகிதத்தினருக்குக் கழுத்தில் கட்டி இருந்தது. 73 சதவிகிதத்தினருக்கு மூக்குத் தொடர்பான தொல்லைகளும், 62 சதவிகிதத்தினருக்குக் காதுத் தொல்லைகளும் இருந்தன. மூளை நரம்பு பாதிக்கப்பட்டவர்கள் 20 சதவிகிதத்தினர். காது மந்தமும் மூக்கடைப்பும் சளிப் பிடித்தவர் எவருக்கும் உண்டாவதால் அவற்றை யாரும் பொருட்படுத்துவதில்லை. மருத்துவரிடம் நோயாளியைக் கொண்டு சேர்ப்பது பெரும்பாலும் கழுத்துக் கட்டியே. அதாவது, நோய் பிறந்த இடத்தை விட்டு நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய பின்னரே பலர் சிகிச்சைக்கு வருகின்றனர். இந்நோயின் முன்கணிப்பில் உள்ள இடர்ப்பாடு முழுவதும் இந்த ஒன்றிலேயே அடங்கியிருக்கின்றது எனலாம்.

கழுத்தில் கட்டி இருக்கின்றதா என்பதோடு, அது கழுத்தின் எப்பகுதியில் இருக்கின்றது என்பதும் முக்கியமானது. இதை வற்புறுத்தியவர் ஹாங்காங் குயின் எலிசபெத் மருத்துவமனையில் கதிர்ச் சிகிச்சை நிபுணராக விளங்கிய ஜான் ஹோ. மற்ற உறுப்புகளின் புற்றுநோய்களில் கணுவின் பருமன், அது அசையுமா அசையாதா, ஒரு பக்கத்தில் உள்ளதா இரு பக்கங்களிலும் உள்ளதா என்பவையே அளவுகோல்களாகக் கொள்ளப்பட்டன. நாசித்தொண்டைப் புற்றுநோயில் இவற்றைக் காட்டிலும் கணுவின் உயரமே நோயாளியின் கதியை நன்கு உணர்த்துகின்றது என்று ஹோ கண்டார். 1978இல் வெளியான அவருடைய பகுப்பு முறையில் கழுத்து மூன்று தளங்களாகப் பிரிக்கப்பட்டது. குரல்வளை முடிச்சையொட்டிப் பக்கவாட்டில் ஓடும் தோல் மடிப்புக்கு மேற்பட்டது முதல் தளம். அதற்கும் காறையெலும்பின் மேலுள்ள குழிக்கும் இடைப்பட்டது இரண்டாம் தளம். அக்குழியே மூன்றாம் தளம்.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்வது கடினமன்று. நாசித்தொண்டையிலிருந்து நிணநீர் மேலிருந்து கீழாக இறங்குகின்றது. புற்றணுக்களும் அவ்வழியே பெரும்பாலும் படிப்படியாக இறங்குகின்றன. காறையெலும்பின் மேற்குழியை எட்டிவிட்ட அணுக்கள் இரத்தவோட்டத்தின் வாயிலை எட்டிவிட்டன என்றே கொள்ளவேண்டும். இத்தகைய நோயாளிகளுக்குப் பின்னாளில் எலும்பு, நுரையீரல், ஈரல் ஆகியவற்றில் நோய் தோன்றும் அபாயம் மிகுதி. மேல்தளத்தில் மட்டும் கணு உள்ளவர்களின் நிலை அவ்வளவு மோசமன்று. ஹோவின் கருத்து சர்வதேசப் பகுப்பு முறையில் 1997இல் இடம்பெற்றது. பின்னர் வந்த எட்டாம் பதிப்பில் குழிக்குப் பதிலாக, குரல்வளையின் அடியிலுள்ள கிரிகாய்டு குருத்தெலும்பின் கீழ் விளிம்பு எல்லையாகக் கொள்ளப்பட்டது. எல்லைக்கோடு மாறினாலும் அடிப்படைக் கருத்து மாறவில்லை.

கட்டியின் மேல்நோக்கிய வளர்ச்சி இதற்கு மாறான தீங்கை விளைவிக்கின்றது. கபால அடித்தளத்தையும் மூளை நரம்புகளையும் பற்றிய கட்டி, தொலைவில் பரவுவதைக் காட்டிலும் அவ்விடத்திலேயே மீண்டும் தலைதூக்குவதற்கே மிகுதியும் இடம் தருகின்றது. மூளைத்தண்டும் கண் நரம்பும் அருகிலிருப்பதால் அங்கே போதிய கதிரைச் செலுத்துவது கடினம். கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரின் அளவைக் கூட்டியும் குறைத்தும் செலுத்தும் நவீன முறை வந்தபின் இக்குறை பெரிதும் நீங்கியது. எனவே, பழைய அறிக்கைகளில் காணும் பிழைப்பு விகிதங்களை இக்காலத்து நோயாளிக்கு அப்படியே பொருத்திக் கூறுவது தவறாகும். 1976 முதல் 1985 வரை ஹாங்காங்கில் சிகிச்சை பெற்ற 5,037 நோயாளிகளில் பத்தாண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்களின் விகிதம் 43 சதவிகிதம் என்று கணக்கிடப்பட்டது. இக்காலத்து விளைவுகள் இதைவிட மிகவும் மேலானவை.

இனி, நுண்பெருக்கியின் கீழ்க் காணப்படும் அணுக்களின் தோற்றம். உலக சுகாதார ஸ்தாபனம் 1978இல் இப்புற்றுநோயை மூன்று வகைகளாகப் பிரித்தது. கெராட்டின் என்னும் கொம்புப் பொருளை உண்டாக்கும் அணுக்களைக் கொண்டது முதல் வகை. கெராட்டின் இல்லாது ஓரளவு முதிர்ச்சி பெற்றது இரண்டாம் வகை. முதிர்ச்சி சிறிதும் பெறாதது மூன்றாம் வகை. பின்னாளில் கடைசி இரண்டும் ஒரே இனத்தின் உட்பிரிவுகளாகக் கொள்ளப்பட்டன. தென் சீன நோயாளிகளில் 95 சதவிகிதத்துக்கும் மேற்பட்டோருக்குக் காண்பவை கெராட்டின் இல்லாத வகைகளே. நோய் அரிதாக உள்ள நாடுகளில் முதல் வகையின் பங்கு கணிசமானது.

பொதுவாக, அணுக்கள் எவ்வளவுக்கு முதிர்ச்சியின்றி இருக்கின்றனவோ அவ்வளவுக்குப் புற்றுநோய் கொடியது என்று பாடநூல்கள் கூறும். இங்கே அவ்விதி தலைகீழாகின்றது. முதிர்ச்சியற்ற வகை விரைவில் கழுத்துக்கும் அப்பாலும் பரவக்கூடியதாயினும், கதிரியக்கத்துக்கு எளிதில் இணங்கி மறைகின்றது. கெராட்டின் வகையோ கதிரை எதிர்த்து நின்று, தோன்றிய இடத்திலேயே மீண்டும் வளர்கின்றது. அதனால் முதல் வகையினரின் கதியே மோசமாக இருக்கின்றது.

இவ்வேறுபாட்டைக் கவனியாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு 1998இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி தக்க சான்று. கதிர்ச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் 47 சதவிகிதத்தினர். அத்துடன் மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 78 சதவிகிதத்தினர். முடிவு வியப்பூட்டியது. ஆனால் கிழக்காசிய மருத்துவர்கள் உடனே அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த ஆராய்ச்சியில் சேர்க்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் கெராட்டின் வகை நோயாளிகள். தவிர, கதிர் மட்டும் பெற்றோரின் விகிதம் ஹாங்காங்கில் வழக்கமாகக் கிடைத்ததைவிட மிகத் தாழ்வாக இருந்தது. ஆகவே சிங்கப்பூரில் கெராட்டின் இல்லாத வகையினரை மட்டும் கொண்டு அதே சோதனை மீண்டும் நடத்தப்பட்டது. 221 நோயாளிகள் பங்கு கொண்ட அச்சோதனையின் முடிவு 2005இல் வெளியாயிற்று. மூன்றாண்டுப் பிழைப்பு கதிர் மட்டும் பெற்றோரிடம் 65 சதவிகிதம், மருந்தும் சேர்ந்தோரிடம் 80 சதவிகிதம். மருந்தின் பயன் மெய்யே என்பது உறுதியாயிற்று. ஆயினும் அதன் அளவு 31 புள்ளியன்று, 15 புள்ளியே. ஒரு நாட்டின் எண்ணை மற்றொரு நாட்டிற்குக் கொண்டுசெல்லுமுன் இவ்வாறு சரிபார்ப்பது இன்றியமையாதது.

கெராட்டின் இல்லாத வகைக்கும் எப்ஸ்டைன்-பார் வைரஸுக்கும் உள்ள தொடர்பு மிக நெருக்கமானது. 1964இல் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் நிணநீர்க் கட்டியில் முதன்முதலாகக் காணப்பட்ட இவ்வைரஸ், உலக மக்களில் பெரும்பாலோர் உடலில் தீங்கின்றித் தங்கியிருப்பது. 1966இல் நாசித்தொண்டைப் புற்றுநோயாளிகளின் இரத்தத்தில் இதற்குரிய எதிர்ப்புப் பொருள்கள் மிகுந்திருப்பது தெரியவந்தது. 1970இல் ஸுர் ஹவுஸனும் அவருடைய சகாக்களும் புற்றணுக்களிலேயே இதன் டி.என்.ஏ. இருப்பதைக் காட்டினர். 1970களின் இறுதி முதல் குவாங்ஸி பகுதியில் ஸெங் யீ தலைமையில் கிராம மக்களின் இரத்தம் சோதிக்கப்பட்டு, அறிகுறி தோன்றாத நோயாளிகள் பலர் கண்டறியப்பட்டனர்.

எதிர்ப்புப் பொருளின் அளவு நோய் தணிந்த பின்னும் மெதுவாகவே குறைவதால், அது நோயின் போக்கைக் காட்டும் கருவியாகப் போதவில்லை. 1999இல் ஹாங்காங்கில் டென்னிஸ் லோவும் அவருடைய சகாக்களும் வேறொரு வழியைக் கண்டனர். மடியும் புற்றணுக்களிலிருந்து வெளியேறும் வைரஸ் டி.என்.ஏ. இரத்தத்தின் பிளாஸ்மாவில் மிதக்கின்றது. அதை எண்ணிவிட முடிகின்றது. 57 நோயாளிகளில் 55 பேரிடம் இது காணப்பட்டது. இவ்வெண்ணிக்கை உடலிலுள்ள கட்டியின் மொத்தச் சுமையை ஏறக்குறையப் பிரதிபலிக்கின்றது. 376 நோயாளிகளைப் பற்றி 2006இல் வெளியான ஆராய்ச்சியில், தொடக்கக் கட்டத்து நோயாளிகளே இரு பிரிவினராகப் பிரிந்தனர். சிகிச்சைக்கு முன் 1 மில்லிலிட்டருக்கு 4,000 பிரதிகளுக்குக் குறைவாக இருந்தவர்கள் முதற் கட்டத்தினரைப் போல் நலமுற்றனர். அதற்கு மேற்பட்டவர்களின் கதி மூன்றாம் கட்டத்தினரை ஒத்திருந்தது. கண்ணும் கையும் படமும் ஒரே கட்டமெனக் கூறியவர்களை இரத்தம் இரண்டாகப் பிரித்துக் காட்டியது.

சிகிச்சை முடிந்த பின்னும் இந்த டி.என்.ஏ. மறையாதிருந்தால் நோய் மீண்டும் தோன்றும் அபாயம் மிகுதி. அவ்வாறானவர்களுக்கு மேலும் மருந்து கொடுத்தால் பயன் உண்டாகும் என எதிர்பார்ப்பது இயல்பே. ஹாங்காங்கில் 104 நோயாளிகளிடம் இது சோதிக்கப்பட்டது. 2018இல் வெளியான முடிவு ஏமாற்றமளித்தது: அந்த மருந்துகளால் நோய் மீள்வது குறையவில்லை. அபாயத்தை முன்னறிவிக்கும் குறி வேறு. அபாயத்தை நீக்கும் சிகிச்சை வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை.

வயது, பால் ஆகியவற்றைப் பற்றி நெடிது கூறவேண்டியதில்லை. இளவயதினரும் பெண்களும் ஓரளவு நன்கு பிழைக்கின்றனர். எனினும் கட்டத்தின் செல்வாக்கோடு ஒப்பிட இது சிறிதே. கதிர்ச் சிகிச்சையை இடையில் நிறுத்தி நிறுத்திப் பெறுவது கட்டியைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பைக் குறைக்கின்றது. ஊருக்குச் சென்று வருகிறேன் என்று இரு வாரம் விட்டுவிடும் நோயாளிக்கு இதை எடுத்துரைக்க வேண்டும்.

கட்டமே தலையாய அம்சம் என்றால், முன்கணிப்பை மாற்றும் நேர்வழி நோயை முன்னதாகக் காண்பதே. 2013 முதல் 2016 வரை ஹாங்காங்கில் 40க்கும் 62க்கும் இடைப்பட்ட வயதுடைய, அறிகுறியற்ற 20,174 சீன ஆண்களின் பிளாஸ்மா சோதிக்கப்பட்டது. முதற் சோதனையில் 1,112 பேரிடம் வைரஸ் டி.என்.ஏ. தென்பட்டது, நான்கு வாரங்களுக்குப் பின் நடந்த மறுசோதனையிலும் 309 பேரிடம் அது நீடித்தது. இறுதியில் 34 பேருக்குப் புற்றுநோய் உறுதியாயிற்று. அவர்களில் 71 சதவிகிதத்தினர் முதல் இரு கட்டங்களில் இருந்தனர். முந்தைய காலத்து நோயாளிகளிடம் இவ்விகிதம் 20 சதவிகிதமே. நோய் முற்றாமல் மூன்றாண்டு கழித்தவர்கள் 97 சதவிகிதம். முன்பு 70 சதவிகிதம். நோய் மிகுதியாக உள்ள மக்களிடையேதான் இத்தகைய சோதனை பயன்தரும். நோய் அரிதான இடத்தில் இதே சோதனை நடத்தினால், வீணே அஞ்சுவோரின் எண்ணிக்கையே பெருகும்.

இந்தியாவின் பெரும்பகுதியில் இந்நோய் அரிது. ஆனால் வடகிழக்கு மாநிலங்களில், சிறப்பாக நாகாலாந்தில், இது நாட்டின் பிற இடங்களைவிடப் பன்மடங்கு மிகுதி என்பதைத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடுகள் காட்டியுள்ளன. அங்கே கழுத்தில் நெறி கட்டினால் அதைக் காசநோய் என்று எண்ணிவிடுவது எளிது; இந்நாட்டில் கழுத்துக் கணுக்களில் காசநோய் காண்பதும் பரவலான ஒன்றே. துணுக்கெடுத்து நுண்பெருக்கியில் பாராமல் காசநோய் மருந்தைத் தொடங்கிப் பல மாதம் காத்திருந்தால், மேல்தளத்துக் கணு கீழ்த்தளத்துக் கணுவாவதற்கு அந்த மாதங்கள் போதும். வலியற்ற கழுத்துக் கட்டியோடு ஒரு பக்கத்துக் காது மந்தமோ, சளியில் இரத்தமோ, இரட்டைப் பார்வையோ சேர்ந்திருக்கக் காணும் களப்பணியாளர், அந்நோயாளியைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் தாமதியாது அனுப்பவேண்டும். கட்டி எந்தப் பக்கத்தில், குரல்வளை முடிச்சுக்கு மேலா கீழா, காறையெலும்புக் குழியிலா, எந்த மாதத்தில் முதலில் தடவித் தெரிந்தது என்பவற்றை அனுப்பும் சீட்டிலேயே குறித்துவிடலாம்.