போட்டிப் பரீட்சைக்கு ஆங்கிலம்: தமிழே கைகொடுக்கும்

வெள்ளிக்கிழமை தோறும் அரச வர்த்தமானி வெளிவருகிறது. அதில் ஆட்சேர்ப்பு அறிவித்தல் ஏதும் உண்டா என்று தேடும் இளைஞரும் யுவதியரும் கண்டி நகரில் மட்டுமல்ல, கலகா, தெல்தோட்டை, புசல்லாவை, வத்துகாமம் எனச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இன்று பலர். உங்கள் வீட்டிலும் அப்படியொரு மகனோ மகளோ இருக்கலாம். அவர்களுக்காகவும், அவர்களைப் படிக்கவைக்கும் பெற்றோருக்காகவும் இப்பாடத்தை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றை நினைவுகூர்வோம். அரச பதவிகளுக்கான அறிவித்தல்களில் வழக்கமாக வரும் நிபந்தனை, விண்ணப்பதாரி இலங்கைப் பிரசையாக இருத்தல் வேண்டும் என்பது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பின்னர், மலையகத்துப் பாட்டன் பாட்டிமார் பலருக்கு அந்த ஒரு வரியோடு கதவு அடைபட்டது. 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபின், அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்குமாகக் குடும்பங்கள் பிரிந்ததை முதியோர் நன்கறிவர். எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. இன்று நம் பிள்ளைகள் அந்த வரியைத் தயங்காமல் கடந்து போகிறார்கள். அடுத்து நிற்பது வினாத்தாள். அதில் நாலைந்து புள்ளிகளை வீணே இழந்து, வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுவதுதான் இப்போதைய துயரம்.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. ஆகவே அரச பரீட்சைகள் பலவற்றைத் தமிழிலேயே எழுதலாம். ஆயினும் சில பதவிகளுக்கு ஆங்கில அறிவைத் தனியாகச் சோதிக்கிறார்கள். வங்கிகளும் கம்பனிகளும் நடத்தும் தெரிவுப் பரீட்சைகளிலும் ஆங்கில வினாக்கள் வருகின்றன. "எங்கள் பிள்ளைக்கு இங்கிலீஷ் வராது" என்று பெற்றோர் சொல்லிவிடுவது எளிது. உண்மையில் பிள்ளைகள் விடும் பிழைகளிற் பல தமிழிலிருந்து நேராக வருபவை. அதே பிழைகளைத் திருத்தும் வழியும் தமிழிலேயே இருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறோம். படிக்கும் பிள்ளை அவற்றைக் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதி, அகராதியைப் பார்த்துச் சரிபார்க்கட்டும். அதுவே எழுத்துக்கூட்டலுக்கு முதற் பயிற்சி.

"அ", "அன்", "த"

இம்மூன்று சிறு சொற்களும் தமிழில் இல்லை. அதனால்தான் நாம் அவற்றை விட்டுவிடுகிறோம், அல்லது கண்ட இடமெல்லாம் போடுகிறோம். "ஏ, இ, ஐ, ஓ, யூ என்னும் ஐந்து எழுத்துகளுக்கு முன் 'அன்' போடு" என்று பள்ளிக்கூடத்திற் படித்திருப்பீர்கள். அந்த விதி பாதிதான் சரி. விதி எழுத்தைப் பற்றியதல்ல, ஒலியைப் பற்றியது. இங்கேதான் தமிழ் கைகொடுக்கிறது. தமிழ் எழுத்து ஒலியைக் காட்டும் எழுத்து. எனவே சந்தேகமான சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் "அன்"; உயிர்மெய்யில் தொடங்கினால் "அ".

எஸ்டேட் 'எ'யில் தொடங்குகிறது; ஆகவே "அன் எஸ்டேட்". பேராதனையில் இருப்பது யுனிவர்சிட்டி. ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்து உயிரெழுத்துத்தான். ஆனால் தமிழில் எழுதினால் 'யு' வருகிறது. ஆகவே "அ யுனிவர்சிட்டி". தோட்டத்து யூனியனும் அப்படியே: "அ யூனியன்". மணித்தியாலத்தைக் குறிக்கும் "அவர்" என்ற சொல்லின் முன்னே ஓர் ஊமை எழுத்து நிற்கிறது; அது ஒலிக்காததால் "அன் அவர்". நேர்மையானவர் "அன் ஒனெஸ்ட் மேன்". பாராளுமன்ற உறுப்பினர் "அன் எம்.பி.". ஒருநாள் ஆட்டமோ, "வன்" என்று ஒலிப்பதால், "அ வன் டே மெச்".

ஓர் எச்சரிக்கை. நம்மிற் பலர் பேச்சில் "யெம்.பி.", "யெஸ்டேட்" என்று முன்னால் ஒரு 'ய்' சேர்த்துவிடுகிறோம். அப்படி உச்சரித்துக்கொண்டு இந்த வழியைக் கையாண்டால் விடை பிழைத்துவிடும். வாயைத் திருத்திக்கொண்டு எழுதுங்கள்.

இனி "த". "கடிதம் ஒன்று வந்தது. கடிதத்தில் கையொப்பம் இல்லை." இரண்டாவது தரம் சொல்லும்போது நாம் எதையும் சேர்ப்பதில்லை. ஆங்கிலம் விடாது. "அ லெட்டர் கேம். த லெட்டர் ஹாட் நோ சிக்னேச்சர்." முதலிற் சொல்லும்போது "ஒன்று" என்று வரக்கூடிய இடம் "அ" அல்லது "அன்", பின்னர் "நான் சொன்ன அந்த" என்று சேர்த்துப் பார்க்கக்கூடிய இடம் "த". எல்லா இடத்துக்கும் இது போதாது. ஆனாலும் வழக்கமான வினாக்களிற் பலவற்றுக்குப் போதும்.

விளம்பரப் பலகைகளையும் பத்திரிகைத் தலைப்புகளையும் பார்த்து இச்சொற்களைப் படிக்காதீர்கள். இடம் போதாமையால் அவற்றில் இவற்றை விட்டுவிடுவது வழக்கம். தலைப்புக்குக் கீழே உள்ள செய்தியை வாசியுங்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கும். பலகை என்றதும் கண்டி ரயில் நிலையத்துக்கு அருகே நாம் "குட்செட்" என்று சொல்லும் இடம் நினைவுக்கு வருகிறது. "குட்" என்றால் நல்லது என்று எண்ணிப் பலர் எழுதுகிறார்கள். அது "குட்ஸ் ஷெட்", அதாவது சரக்குக் கொட்டகை. சரக்கு என்ற பொருளில் அச்சொல்லுக்கு இறுதியில் 'ஸ்' எப்போதும் உண்டு. பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரத்திலும் ஒரு பாடம்!

வினைச்சொல்லில் வரும் வழுக்கல்

"டிட் நொட் வென்ட்." இதை எழுதுபவரும் தம் முதலாவது பரீட்சையில் இப்படித்தான் எழுதி வைத்தார். தமிழில் "போகவில்லை" என்கிறோம்; "போனவில்லை" என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. "இல்லை" வந்ததும் "போனான்" என்ற இறந்தகால வடிவம் மறைந்து, காலம் காட்டாத "போக" வந்துவிடுகிறது. ஆங்கிலமும் அவ்வாறே: "டிட் நொட் கோ", "டிட் நொட் கம்", "டிட் நொட் ரைட்". காலத்தை "டிட்" சுமந்துகொள்கிறது; பின்னால் வரும் சொல்லுக்கு அந்தச் சுமை வேண்டாம்.

"சின்ஸ்", "ஃபோர்" இரண்டும் குழப்பம் தருவன. (இந்த "ஃபோர்" எண் நான்கு அல்ல.) தமிழில் "2019 முதல்" என்றால் "சின்ஸ்", "ஐந்து வருடமாக" என்றால் "ஃபோர்". முதல், இருந்து என்பவை தொடங்கிய புள்ளியைக் காட்டுகின்றன; 'ஆக' கால அளவைக் காட்டுகிறது. இதுவரை தமிழ் துணைநிற்கிறது. இதற்கு மேல் காலை வாரிவிடுகிறது, கவனியுங்கள். "ஐந்து வருடமாக வேலை செய்கிறேன்" என்று நாம் நிகழ்காலத்திற் சொல்வதால், "ஐ ஆம் வேர்க்கிங்" என்று எழுதத் தோன்றும். தொடங்கி இன்றுவரை நீடிப்பதற்கு ஆங்கிலத்தில் "ஐ ஹாவ் பீன் வேர்க்கிங் ஃபோர் ஃபைவ் இயர்ஸ்" என்றே வரவேண்டும்.

அடுத்தது ஒருமை பன்மை. "விண்ணப்பதாரிகளில் ஒருவர் வந்தார்" என்கிறோம். "ஒருவர் வந்தார்கள்" என்று சொல்வோமா? மாட்டோம். அப்படியிருக்க, ஆங்கிலத்தில் மட்டும் "வன் ஒவ் த அப்ளிகண்ட்ஸ் ஆர்" என்று எழுதுவது ஏன்? தமிழில் "ஒருவர்" வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறார். ஆங்கிலத்திலோ "வன்" முன்னாற் போய்விட, "அப்ளிகண்ட்ஸ்" என்னும் பன்மை வினைச்சொல்லை ஒட்டி நின்று கண்ணை ஏமாற்றுகிறது. வாக்கியத்தை மனத்திலே தமிழாக்கிப் பாருங்கள், "இஸ்" தானே வரும். "த லிஸ்ட் ஒவ் நேம்ஸ் இஸ்" என்பதும் இவ்விதமே. இருப்பது பட்டியல் ஒன்றுதான்.

"பற்றி" என்ற சொல்லால் வரும் பிழை சிறியது. "அதைப் பற்றிக் கலந்துரையாடினோம்" என்பதால் "டிஸ்கஸ்ட் அபௌட்" என்கிறோம். "டிஸ்கஸ்" என்ற சொல்லுக்குள்ளேயே "பற்றி" அடங்கியிருக்கிறது; "அபௌட்" வேண்டாம்.

சொல்வளம் லயத்திலேயே இருக்கிறது

மனனஞ்செய்யும் சொற்பட்டியல்கள் கடைகளில் விற்கப்படுகின்றன. வாங்கவேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன் நம் வீட்டிற் புழங்கும் ஆங்கிலத்தை எண்ணிப் பாருங்கள். "பெரட்டுக்குப் போக நேரமாச்சு" என்று அம்மா சொல்லும் பெரட்டு, "பரேட்" என்ற ஆங்கிலச் சொல். லயன் என்பது "லைன்", அதாவது வரிசை. செக்ரோல் என்பதில் "ரோல்" பெயர்ப்பட்டியல். அதைத் தெரிந்தவர் "இலெக்டொரல் ரோல்" என்று வந்தால் வாக்காளர் இடாப்பு என்று உடனே சொல்லிவிடுவார். கொடுத்ததும் உண்டு: நம் கங்காணியும், மிளகுத்தண்ணீரும் ஆங்கில அகராதியில் ஏறியிருக்கின்றன.

நாம் ஒரு பொருளில் மட்டும் அறிந்த சொல்லை வேறு பொருளில் கேட்பது பரீட்சைக்காரரின் வழக்கமான உத்தி. "அட்வான்ஸ்" என்றால் தீபாவளிக்கோ நத்தாருக்கோ வாங்கும் முற்பணம் மட்டுமல்ல, முன்னேறுதலும் அதுவே, "இன் அட்வான்ஸ்" என்றால் முன்கூட்டியே. "லீவு" விடுமுறை, வினைச்சொல்லாக வந்தால் விட்டுப் போதல், அதன் இறந்தகாலம் "லெஃப்ட்", அதே "லெஃப்ட்" இடது பக்கமும் ஆகும். "நோட்டீஸ்" அறிவித்தல், வினைச்சொல்லானால் கவனித்தல். "பலன்ஸ்" பஸ் கண்டக்டர் தரவேண்டிய மிச்சக் காசு, சமநிலையும் அதுவே. இப்படி நாளைக்கு ஒரு சொல் எடுத்து, அதற்கு எத்தனை பொருள் என்று அகராதியில் தேடி, ஒவ்வொன்றுக்கும் நம் வீட்டைப் பற்றியே ஒரு வாக்கியம் எழுதுங்கள். தனிச் சொல் மறந்துபோகும், வாக்கியம் தங்கும்.

சொல்லைக் குடும்பத்தோடு படிப்பதும் நல்லது. "அப்ளை" விண்ணப்பித்தல், "அப்ளிகேஷன்" விண்ணப்பம், "அப்ளிகண்ட்" விண்ணப்பதாரி, "அப்ளிகபிள்" பொருந்தக்கூடியது. "நொட் அப்ளிகபிள்" என்று படிவத்திற் கண்டு திகைத்தவர் உண்டு. "பொருந்தாது" என்பதே பொருள்.

வீட்டிலேயே ஒரு வகுப்பு

வர்த்தமானி சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் வெளியாகிறது. இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. ஒரே அறிவித்தலின் தமிழ்ப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் பக்கத்திற் பக்கமாக வையுங்கள். இதைவிட மலிவான மொழிப் புத்தகம் கிடையாது. "ஃபர்னிஷ்" என்றால் வீட்டுக்குத் தளபாடம் போடுவது என்று மட்டும் அறிந்த பிள்ளை, விபரங்களைச் சமர்ப்பிப்பதும் "ஃபர்னிஷ்"தான் என்று அங்கே கண்டுகொள்ளும். "வேக்கன்சி" வெற்றிடம், "எலிஜிபிள்" தகுதியுள்ளவர், "அட்டெஸ்ட்" உறுதிப்படுத்துதல், "க்ளோசிங் டேட்" முடிவுத் திகதி. இந்த முடிவுத் திகதியை மாத்திரம் பெற்றோரும் சுவர்க் கலண்டரிற் குறித்து வையுங்கள்.

ஆங்கிலம் தெரியாத தாயும் இவ்வகுப்பை நடத்தலாம். இரவுச் செபமும் சாப்பாடும் முடிந்தபின், தமிழ்ப் பிரதியை அம்மா கையில் வைத்துக்கொண்டு ஒரு வசனத்தை வாசிக்கட்டும். பிள்ளை அதை ஆங்கிலத்தில் எழுதி, ஆங்கிலப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அரை மணித்தியாலம் போதும். மறுநாள் அதே வசனங்களை மீண்டும் எழுதவேண்டும். புதிதாகப் பத்துப் பக்கம் ஓடுவதிலும், ஒரு பக்கத்தை மூன்று தரம் எழுதுவது பலன் தரும். 1660இல் பிடிபட்டுக் கண்டிச் சீமையின் கிராமங்களிற் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயரிடம் இரண்டே புத்தகங்கள் இருந்தன. திரும்பத் திரும்ப வாசித்து அவை அநேகமாக மனப்பாடமாகிவிட்டன. பின்னர் ஓர் ஆங்கில வேதாகமம் விலைக்கு வந்தபோது, தாம் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். தப்பியோடி ஊர் சேர்ந்தபின் 1681இல் இலங்கையைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் வாசிக்கப்படுகிறது. புத்தகம் குறைவு என்று மனந்தளரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறோம். நகருக்கு வரக்கூடியவர்களுக்கு டி. எஸ். சேனநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகம் இருக்கிறது.

இனிப் பயிற்சி. கீழுள்ள ஐந்தில் ஒன்று சரியானது. மற்றவற்றைத் திருத்துங்கள். விடையை முந்திப் பார்க்கவேண்டாம்.

1. ஷீ டிட் நொட் கேம் டு த இன்டர்வியூ.
2. மை ஃபாதர் இஸ் வேர்க்கிங் இன் த ஃபேக்டரி சின்ஸ் டென் இயர்ஸ்.
3. த லிஸ்ட் ஒவ் நேம்ஸ் இஸ் ஒன் த வோல்.
4. வி டிஸ்கஸ்ட் அபௌட் த டைம்டேபிள்.
5. ஹி இஸ் அ ஒனெஸ்ட் கிளார்க் இன் அன் யூனியன் ஒபிஸ்.

விடைகள்: முதலாவதில் "கேம்" என்பது "கம்" ஆகவேண்டும். இரண்டாவதில் "இஸ் வேர்க்கிங்" என்பதை "ஹாஸ் பீன் வேர்க்கிங்" என்றும், "சின்ஸ்" என்பதை "ஃபோர்" என்றும் மாற்றுங்கள். பத்து வருடமாக அல்லவா? மூன்றாவது சரி. நான்காவதில் "அபௌட்" என்பதை வெட்டிவிடுங்கள். ஐந்தாவதில் "அன் ஒனெஸ்ட்", "அ யூனியன்". இரண்டு பிழையையும் கண்டவருக்கே முழுப் புள்ளி. ஒன்றை மட்டும் கண்டவர் அந்தச் சொற்களைத் தமிழில் எழுதி மறுபடி பார்க்கவும்.