மாத்திரை போட்டேனா, இல்லையா? – நினைவாற்றலும் அன்றாடப் பழக்கங்களும்

சில மாதங்களுக்கு முன், எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவரை அவருடைய மகள் வெளிநோயாளர் பிரிவுக்கு அழைத்து வந்திருந்தார். பல் துலக்கும்போது ஈறுகளில் கசிந்த இரத்தம் நிற்கவில்லை. முன்கைகளில் ஆங்காங்கே நீலத் திட்டுகள். இதயத் துடிப்பின் சீர்கேட்டுக்காக, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைச் சில ஆண்டுகளாக உட்கொண்டு வருபவர் அவர். பரிசோதித்ததில் ஐ.என்.ஆர். அளவு இருக்க வேண்டியதைவிட வெகுவாக உயர்ந்திருந்தது. காரணத்தை அவரே சொன்னார்: “ராத்திரி மாத்திரை போட்டேனா இல்லையான்னு சந்தேகம் வந்துடும் டாக்டர். எதுக்கும் இருக்கட்டும்னு இன்னொன்னு போட்டுக்குவேன்.”

இரண்டு நாள் உள்நோயாளராக வைத்துக் கவனித்து அனுப்பினோம். அதற்கிடையில் மகள் என்னைத் தனியே அழைத்து, “அம்மாவுக்கு ஞாபக மறதி நோய் வந்துவிட்டதா?” என்று கேட்டார். முறையான நினைவுப் பரிசோதனைகளைச் செய்து பார்த்தோம். நான் சொன்ன சொற்களைச் சிறிது நேரம் கழித்துத் தவறின்றித் திருப்பிச் சொன்னார். பேரப்பிள்ளைகளின் பிறந்த நாள்கள், அந்த மாத மின்கட்டணம், முதல் நாள் தொலைக்காட்சித் தொடரில் நடந்தது என எதிலும் பிழையில்லை. மாத்திரையை எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டேன். “அந்தத் தொடர் ஓடும்போதுதான்” என்றார்.

விடை அதில் இருந்தது. கதையில் இருந்த கவனம் கையிலிருந்த மாத்திரையில் இல்லை. மனத்தில் பதியாத ஒன்றைப் பின்னர் தேடினால் எவ்வாறு கிடைக்கும்? போதாக்குறைக்கு, நேற்று போட்ட மாத்திரையும் இன்று போட்ட மாத்திரையும் ஒரே நிறம், ஒரே நேரம், ஒரே குவளைத் தண்ணீர். ஒன்றுபோல் இருக்கும் நிகழ்ச்சிகளை மூளை தனித்தனியாகப் பிரித்து வைப்பதில்லை. கதவைப் பூட்டினோமா, எரிவாயு அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் நமக்கு எழும் ஐயமும் இவ்வகையினதே. இதனை நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும், அந்த அம்மையாருக்கு நேர்ந்ததைப் போல, அதன் விளைவு உயிருக்கே ஊறு செய்யக்கூடும் என்பதால் அலட்சியப்படுத்தவும் இயலாது.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஒரே நேரத்தில் பலர் தொடுக்கும் கேள்விகளையும், ஈற்றடி கொடுத்துக் கேட்கும் வெண்பாக்களையும், முதுகில் எறியப்படும் கற்களின் எண்ணிக்கையையும் மனத்தில் நிறுத்தி விடை கூறும் கலைக்கு அவர்கள் இட்ட பெயர் அவதானம். நாகர்கோவில் இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் இவ்வாறு நூறு செயல்களை நிகழ்த்திச் சதாவதானி எனப் பெயர் பெற்றார். நினைவாற்றலின் உச்சம் என்று உலகம் வியந்த அக்கலையின் பெயருக்குப் பொருள் நினைவு என்பதன்று, கவனம் என்பதே. தமிழில் அதற்குக் கவனகம் என்ற பெயரும் உண்டு.

நரம்பியல் கூறுவதும் ஏறத்தாழ இதுதான். ஒரு செய்தி முதலில் பதிய வேண்டும். பின்னர் நிலைக்க வேண்டும். தேவைப்படும்போது மீள வேண்டும். முதற்படியின் வாயிற்காவலர் கவனம். நிலைக்கச் செய்யும் பணியில், காதுகளுக்கு நேர் உள்ளே மூளையின் இரு புறமும் அமைந்துள்ள ஹிப்போகாம்பஸ் என்னும் சிறு பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. இதனை மருத்துவ உலகம் அறிந்துகொண்ட கதை துயரமானது. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்குக் கட்டுக்கடங்காத வலிப்பு நோய் இருந்தது. 1953இல், அவருடைய 27ஆம் வயதில், இரு பக்கத்து ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் அறுவை மருத்துவர் அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் 2008இல் இறக்கும்வரை, புதிய நிகழ்ச்சிகள் அவர் மனத்தில் தங்கவில்லை. பல்லாண்டுகள் அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் என்னும் உளவியலாளர், அவருக்கு ஒவ்வொரு சந்திப்பிலும் புதியவராகவே தோன்றினார்.

மில்னர் அவரைக் கொண்டு ஒரு பயிற்சி செய்வித்தார். தாளில் வரைந்த நட்சத்திரத்தைக் கண்ணாடியில் மட்டும் பார்த்து, அதன் கோட்டின்மேல் பென்சிலை ஓட்ட வேண்டும். நம் எல்லோருக்குமே முதலில் கை தடுமாறும். மொலைசனின் கை மூன்றே நாள்களில் தேறிவிட்டது. ஆனால் அப்பயிற்சியைச் செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. நிகழ்ச்சியை நினைக்கும் பகுதி வேறு, கைப்பழக்கத்தைக் காக்கும் பகுதி வேறு என்பது அன்று தெளிவாயிற்று.

இதிலிருந்து நம் வீட்டு மாத்திரைக்கு வருவோம். நினைவு சற்றுத் தளர்ந்தவருக்கும் பழக்கம் கைகொடுக்கும். ஆனால் பழக்கத்துக்கு ஒரு குறை உண்டு: அது வேலையைச் செய்துவிடும், செய்ததாகக் குறிப்பு வைக்காது. ஆகவே இரண்டு ஏற்பாடுகள் சேர்ந்தே இருக்க வேண்டும்.

முதலாவது, மாத்திரையை ஒரு மணி எண்ணோடு இணைப்பதைவிட, நாள்தோறும் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு இணைப்பது. “எட்டு மணிக்குப் போடுவேன்” என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி ஆனதை முதலில் கவனிக்க வேண்டியிருக்கிறது. “இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் போடுவேன்” என்றால் தட்டே நினைவூட்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர், ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே உறுதி செய்யும் இம்முறையை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ‘தவறாமல் செய்வேன்’ என்ற பொதுவான உறுதியைவிட இது மிகுந்த பயன் தருவதாக அவ்வாய்வுகள் காட்டுகின்றன. உணவுக்கு முன், பின் என்ற விதியுள்ள மாத்திரைகளுக்கு, எந்தச் செயலோடு இணைக்கலாம் என்பதை எங்கள் மருந்தாளுநரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, தலைக்கு வெளியே ஓர் அடையாளம். ஏழு நாள்களுக்கு அறை பிரித்த மாத்திரைப் பெட்டி இதற்குச் சிறந்தது. வியாழன் இரவு அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று, ஐயத்துக்கே இடமில்லை. பெட்டி இல்லையெனில், நாள்காட்டித் தாளில் பேனாவால் ஒரு கோடு போதும். கோட்டை மாத்திரையை விழுங்கிய பிறகே இட வேண்டும். பலர் முன்னதாகவே இட்டுவிட்டு, வாசல் மணி அடித்ததும் எழுந்து போய்விடுகிறார்கள். ஓர் எச்சரிக்கை: எல்லா மாத்திரைகளையும் அட்டையிலிருந்து பிரித்துப் பெட்டியில் போடலாகாது. வலிப்பு நோய்க்குத் தரும் சோடியம் வால்புரோயேட், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுவிடும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையையும் அதற்குரிய குப்பியிலேயே வைத்திருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஐயம் எழுந்தால், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, இன்சுலின், வலிப்பு மருந்து ஆகியவற்றில் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டாம் முறை எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரிவுக்குத் தொலைபேசியில் கேளுங்கள். இரவு பதினொரு மணிக்குக் கேட்டாலும் எங்களில் எவரும் சலித்துக்கொள்ள மாட்டோம். சலித்துக்கொண்டால் என்னிடம் சொல்லுங்கள்.

மருந்து எடுத்துக் கொடுக்கும் குடும்பத்தினருக்கும் இது பொருந்தும். ஒரு கையில் கைப்பேசி, மறு கையில் மாத்திரை என்று பலரைக் காண்கிறேன். ஒரே நேரத்தில் பல வேலை பார்ப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் மனம் ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவுகிறது, ஒவ்வொரு தாவலிலும் சிறிது சிந்துகிறது. சில நாடுகளின் மருத்துவமனைகளில், மருந்து கொடுக்கும் வேளையில் செவிலியர்கள் ‘இடைமறிக்க வேண்டாம்’ என்று எழுதிய மேலங்கியை அணிவதுண்டு. வீட்டில் அங்கி வேண்டாம். அந்த ஐந்து நிமிடம் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்தால் போதும்.

இனி, எங்கள் அறைக்குள் நிகழும் மறதியைப் பற்றி. மருத்துவர் கூறும் செய்திகளில் 40 முதல் 80 விழுக்காடு வரை நோயாளிகளுக்கு உடனே மறந்துவிடுகிறது என்று, 2003இல் பல ஆய்வுகளைத் தொகுத்த ராய் கெசல்ஸ் எழுதினார். பிழையில் பாதி எங்களுடையது. வேகமாகப் பேசுகிறோம், கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிட்டு, அதிர்ச்சியில் இருப்பவரிடம் மருந்து அட்டவணையை ஒப்பிக்கிறோம். ஆகவே நீங்கள் எங்களைச் சற்று நிறுத்த வேண்டும். எழுந்து செல்லுமுன், “நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா பாருங்கள் டாக்டர்” என்று உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். அதில் கூச்சம் வேண்டாம்.

இவ்வாறு திருப்பிச் சொல்வது பிழையைத் திருத்துவதோடு நினைவையும் உறுதியாக்குகிறது. ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் ஒரு சாரார் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தனர்; மற்றொரு சாரார் படித்துவிட்டு, பாராமல் நினைவுகூர்ந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னணியில் இருந்தனர். ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழாயிற்று. முதுநிலை மருத்துவம் பயின்ற நாள்களில் நான் முதல் சாராரில் இருந்தவன். பாடநூல் முழுவதும் மஞ்சள் கோடுகள்; ஒரு வாய்மொழித் தேர்வில், கோடிட்ட பக்கத்தின் இடது மூலை வரை கண்ணுக்குத் தெரிந்தது, அங்கு எழுதியிருந்தது மட்டும் வாய்க்கு வரவில்லை.

மறதியின் வேகத்தை 1885ஆம் ஆண்டிலேயே ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தம்மையே சோதித்து அளந்தார். பொருளற்ற அசைகளைக் கற்றுக்கொண்ட ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் நழுவிவிட்டது. அதன்பின் இழப்பு மெதுவாயிற்று. ஆகவே மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குச் செல்லும் பேருந்திலோ ஆட்டோவிலோ, சீட்டைப் பாராமல் ஒரு முறை சொல்லிப் பாருங்கள்; பிறகு சீட்டைப் பார்த்துத் திருத்துங்கள். மறுநாள் ஒரு முறை, அந்த வாரக் கடைசியில் ஒரு முறை. புதிய இன்ஹேலர், இன்சுலின் பேனா ஆகியவற்றின் செய்முறைக்கும் இதுவே வழி.

உறக்கத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பகலில் பதிந்தவை ஆழ்ந்த உறக்கத்தில்தான் நிலைபெறுகின்றன. இரவெல்லாம் நோயாளியின் அருகே விழித்திருந்து, “எனக்கும் எல்லாம் மறந்துபோகிறது” என்று அழும் மனைவியரிடமும் மருமகள்களிடமும் நான் எழுதிக் கொடுக்கும் முதல் மருந்து, வாரத்தில் சில இரவுகளை இன்னொருவர் ஏற்க வேண்டும் என்பதே. இதனை நோயாளியின் சகோதரர்கள் முன்னிலையில் உரக்கச் சொல்வது என் வழக்கம்.

வல்லாரை உண்ணலாமா என்று வாரம் ஒருவராவது கேட்கிறார். கீரையாகத் துவையல் அரைத்து உண்ணத் தடையில்லை. ஆனால் அதை நம்பி, மறதிக்கான மெய்யான காரணத்தைத் தேடாமல் இருந்துவிடாதீர்கள். அக்காரணங்களுள் சில எளிதில் சரிசெய்யத்தக்கவை. தைராய்டு சுரப்பு குறைந்தால் மனம் மந்தமாகும். வைட்டமின் பி12 குறைவு நினைவைப் பாதிக்கும். சைவ உணவினரிடமும், நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் நெடுநாள் உட்கொள்வோரிடமும் இதைக் காண்கிறோம். மனச்சோர்வு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் உறக்கம் ஆகியவையும் உண்டு. காது மந்தமானவர், சொன்னதை மறந்துவிட்டார் என்று பழி சுமக்கிறார். அவருக்கு அது கேட்கவே இல்லை. முதியோர்க்குத் தூக்க மாத்திரைகளும், சளிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் கலந்திருக்கும் குளோர்ஃபெனிரமின் போன்ற மருந்துகளும் நினைவைக் கலக்கக்கூடும்.

எப்போது எங்களிடம் வர வேண்டும்? சாவியை வைத்த இடம் மறப்பதற்கு அன்று. ஒரே கேள்வியைச் சற்று நேரத்தில் மீண்டும் மீண்டும் கேட்டல், பழகிய தெருவில் வழி தவறுதல், முப்பது ஆண்டுகளாகச் சமைத்த குழம்பில் தடுமாறுதல், பணம் எண்ணிக் கொடுப்பதில் புதிதாகக் குழப்பம் ஆகியவை இருந்தால் வாருங்கள். தமக்கு மறதி என்று தாமே விவரமாகக் கூறுபவரைவிட, குடும்பத்தார் கவலைப்பட, தமக்கு ஒன்றுமில்லை என்பவரைப் பற்றியே நான் மிகுதியும் கவலை கொள்வேன். நேற்று வரை தெளிவாக இருந்த முதியவர் ஓரிரு நாளில் திடீரெனக் குழம்பினால் அதை வயதின் மீது போடாதீர்கள். கிருமித்தொற்றோ, இரத்தத்தில் சோடியம் குறைவோ, தலையில் இரத்தக் கசிவோ இருக்கலாம். அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.

வரும்போது, வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள், குப்பிகள், நாட்டு மருந்துப் பொடிகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். அந்த அம்மையார் சென்ற மாதம் அவ்வாறுதான் வந்தார். பையில் நாள்காட்டித் தாள்களும் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு கோடு. ஐ.என்.ஆர். உரிய அளவில் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமைத் தாளில் மட்டும் கோடில்லை. கேட்டேன். “அன்னிக்கு மறந்துட்டேன் டாக்டர். ஆனா ரெண்டு போடலை, இங்க போன் பண்ணிக் கேட்டேன்” என்றார்.