காளானும் கடவுளும்

கொடைக்கானலுக்குப் போதைக் காளான் தேடிப் போகிறவர்களில் சிலர் அதை ஆன்மிகப் பயணம் என்கிறார்கள். அதற்கு ஆதாரமாக அவர்கள் சொல்லும் கதைகள் பலவும் நடந்தவைதாம். என்ன, பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

நம்பிக்கை: காளானால் கடவுளை உணரலாம் என்று விஞ்ஞானமே நிரூபித்துவிட்டது.

1962-இல், புனித வெள்ளியன்று பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷ் சேப்பலில் நடந்த சோதனையைத்தான் முதலில் காட்டுவார்கள். வால்டர் பான்கே என்ற ஆய்வு மாணவர், இறையியல் படிக்கும் 20 பேரில் பாதிப் பேருக்குக் காளானின் வேதிப்பொருளான சிலோசைபினையும், மற்றவர்களுக்கு நிகோடினிக் அமிலத்தையும் கொடுத்தார். மேலே ஆராதனை நடக்க, கீழ்த்தளத்தில் ஒலிபெருக்கி வழியே பிரசங்கம் கேட்டபடி அவர்கள் இருந்தார்கள். சிலோசைபின் உண்டவர்களில் பெரும்பாலோர் ஆழ்ந்த இறையனுபவம் பெற்றதாகச் சொன்னார்கள். கதை வழக்கமாக இங்கே முடியும்.

மீதிக் கதை, ரிக் டாப்ளின் அந்தப் பழைய மாணவர்களைத் தேடிப் பிடித்து 1991-இல் வெளியிட்ட தொடராய்வில் இருக்கிறது. யாருக்கு எது கிடைத்தது என்பது அன்று சற்று நேரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ஒரு மாணவர், மெசியாவின் வருகையை அறிவிக்கத் தன்னைக் கடவுள் தேர்ந்தெடுத்துவிட்டதாக நம்பி வெளியே போய்விட்டார். பிடித்து வந்து, அமைதிப்படுத்த ஊசி போட வேண்டியிருந்தது. அந்த ஊசியைப் பற்றிப் பான்கே எழுதவேயில்லை. அதே சமயம், கால் நூற்றாண்டு கழிந்த பிறகும் சிலோசைபின் உண்டவர்கள் அந்த நாளை உயர்வாகவே நினைத்தார்கள் என்பதையும் டாப்ளின் பதிவு செய்தார். அதை மறைத்தால் நாமும் பாதிக் கதை சொன்னவர்களாவோம்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழு 36 பேரை வைத்துச் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் இரண்டு பங்கினர் தங்கள் சிலோசைபின் அனுபவத்தைத் தம் வாழ்வின் மிக அர்த்தமுள்ள ஐந்து அனுபவங்களுக்குள் வைத்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவரைக் கடும் பயம் பிடித்தது. இந்த 36 பேரும் முன்பே வழிபாட்டிலோ தியானத்திலோ ஓரளவு ஈடுபட்டவர்கள். புனித வெள்ளியன்று தேவாலயத்தில் உட்காரவைத்த இறையியல் மாணவர் கடவுளைக் கண்டதில் என்ன வியப்பு? அவர் உணர்ந்தது பொய்யில்லை. அதற்கு அப்பால் ஏதேனும் இருந்ததா என்று அளக்கும் கருவி எந்த ஆய்வகத்திலும் கிடையாது.

நம்பிக்கை: மெக்சிகோப் பழங்குடிகள் கடவுளைக் காணவே காளான் உண்டார்கள்.

ஹுவாவுட்லா மலையூரைச் சேர்ந்த மசடெக் இனத்து மரியா சபீனாவிடம் கேட்டிருந்தால் மறுத்திருப்பார். நோயாளிக்கு என்ன நோய் என்று அறியவும் அதைத் தீர்க்கவும்தான் அவர் இரவுச் சடங்கில் காளான் உண்டார். 1955-இல் நியூயார்க் வங்கி அதிகாரி கார்டன் வாசன், ஊரில் இருக்கும் மகனை நினைத்துக் கவலையாயிருக்கிறது என்று காரணம் சொல்லித்தான் அதில் இடம்பிடித்தார். 1957-இல் 'லைஃப்' இதழில் அவர் கட்டுரை வந்தபின், கடவுளைத் தேடி வெளிநாட்டு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஊராரின் கோபம் சபீனா மேல் திரும்பியது. அவர் வீடும் எரிக்கப்பட்டது.

நம்பிக்கை: வேதகாலச் சோமபானமும் காளான் சாறுதான்.

இதுவும் 1968-இல் அதே வாசன் எழுப்பிய ஊகம். எபெட்ரா செடி என்பாரும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை.

நம்பிக்கை: இந்திய ஞானிகளே இதை ஏற்றுக்கொண்டார்கள்.

இங்கே காட்டப்படுவது காளான்கூட இல்லை, அதைப் போலவே மனமயக்கம் தரும் எல்எஸ்டி. நீம் கரோலி பாபாவுக்கு அதைக் கொடுத்தும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது, கொடுத்த அவருடைய சீடர் ராம் தாஸே சொன்ன கதை. அதை அப்படியே நம்பினாலும், ஞானிக்கு அது தேவைப்படவில்லை என்றுதானே ஆகிறது! மெஹர் பாபாவோ, எல்எஸ்டி உடலுக்கும் மனதுக்கும் ஆன்மிகத்துக்கும் கேடு என்று 1966-இலேயே வெளிப்படையாக எதிர்த்தார்.

நம்பிக்கை: மண்ணில் தானாக முளைப்பது கெடுதல் செய்யாது.

கல்லீரலை அழிக்கும் அமடாக்சின் நஞ்சுள்ள காளான்களும் தானாக முளைப்பவைதாம். தின்று ஆறு மணி நேரம் கழித்தே அவற்றின் அறிகுறி தெரியலாம். சிலோசைபின் ஆய்வுகளில், தமக்கோ குடும்பத்தில் யாருக்கோ மனச்சிதைவு இருந்தவர்களைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. காளான் விற்பவர் அதையெல்லாம் விசாரிக்கப்போவதில்லை. சட்டமும் குறுக்கே நிற்கிறது: எல்எஸ்டி, சிலோசைபின் இரண்டும் இந்தியாவின் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. எல்எஸ்டி 0.1 கிராமைத் தாண்டினால் வணிக அளவு; தண்டனை குறைந்தது 10 ஆண்டு சிறை.