கடலை அவியாத ஊர்



இந்த வார எபிசோடில், செவ்வாய்க் கிரகத்தில் இப்போது ஏன் ஆறு ஓடுவதில்லை என்று கதைத்தோம். பூமியில் கடல் மட்டத்தில் காற்றின் அமுக்கம், அதாவது பிரஷர், 1,01,325 பாஸ்கல். செவ்வாயில் சராசரியாக 600 பாஸ்கல் அளவுதான். 611க்குக் கீழே போனால் தண்ணீர் திரவமாக நிலைக்காது. ஐஸ் சூடானால் நேரே ஆவிதான்.

இதைக் கதைக்கும்போது எனக்கு நினைவு வந்தது ஒரு சட்டி கடலை.

நான் வளர்ந்தது டொராண்டோவில். முதல் வேலைக்கு டென்வர் போன புதிதில், இரவு ஊறப்போட்ட கடலையை அடுப்பில் வைத்தேன். இரண்டு மணித்தியாலம் போயும் கல்லு மாதிரி இருந்தது. நெருப்பைக் கூட்டினேன். தண்ணி வற்றினதுதான் மிச்சம். அம்மாவுக்குப் போன் அடித்தால், "குக்கர் இல்லாமலோ கடலை அவிக்கிறாய்?" என்று ஒரே சிரிப்பு.

தண்ணீருக்குள் உண்டாகும் ஆவிக் குமிழியை வெளிக்காற்று நசுக்கப் பார்க்கும். ஆவியின் அமுக்கம் அதற்குச் சமமாக வரும்போதுதான் குமிழி தப்பி மேலே வரும். அதுதான் கொதிப்பு. டென்வர் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அமுக்கம் குறைவு. அதனால் அங்கே தண்ணீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நெருப்பு வைத்தாலும் ஆவிதான் கூடும், சூடு ஏறாது. நான் இரண்டு மணித்தியாலம் செய்தது அதைத்தான்.

குக்கர் வாங்கினேன். அது ஆவியை அடைத்து அமுக்கத்தை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கும். கொதிநிலை 120 பாகைக்குக் கிட்டப் போகும். கடலை பூ மாதிரி அவியும்.

ஆனால் முதல் நாளே ஒரு மடைவேலை பார்த்தேன். பசி. அடுப்பை நிறுத்தின கையோடு மூடியைத் திறக்கப் போனேன், அசையவில்லை. நெம்பித் திறக்கக் கத்தியை எடுத்தேன். வீடியோ காலில் இருந்த அம்மா போட்ட சத்தத்தில் கத்தி கீழே விழுந்தது.

கணக்கு இதுதான். 120 பாகையில் இருக்கும் 1 லிட்டர் தண்ணீரின் அமுக்கத்தைச் சட்டென்று விட்டால், 35 கிராமுக்கு மேல் அந்த நொடியே ஆவியாகும். அது ஏறத்தாழ 60 லிட்டர் ஆவி, கொதிக்கிற கடலையையும் அள்ளிக்கொண்டு முகத்துக்கு நேரே வரும். விசில் நின்றுவிட்டது என்பதால் உள்ளே அமுக்கம் இல்லை என்று நினைக்காதீங்கோ. மூடி இறுகி நிற்கிறதென்றால் உள்ளே இன்னும் இருக்கு. பத்து நிமிஷம் விடுங்கோ, தானாகக் கழரும்.